லாக் நேரத்தைக் கோலாலம்பூர் நேரமாக்க ஓர் அலையஸ்

சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில்தான் ஓடும். லாக்கில் (சர்வரின் நிகழ்வுப் பதிவில்) 01:15-க்குப் பிழை என்றிருந்தால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அப்போது காலை 9:15. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே கணக்கு: யூடிசியோடு 8 மணி நேரம் கூட்டவேண்டும். அவசரத்தில் இந்தக் கூட்டல்தான் தப்பிப்போகும். அதை ஓர் அலையஸாக (நீண்ட கட்டளைக்கு நாம் வைக்கும் குறும்பெயர்) எழுதி, கட்டளை தட்டும் டெர்மினலிடமே விட்டுவிடலாம்.

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறோம். ஆங்கில எழுத்தில் தட்டவும். டிஇசட் (நேர மண்டலத்தைக் குறிப்பது), யூடிசி இரண்டும் முழுக்கப் பெரிய எழுத்து. '%எஃப்'-இலும் எஃப் பெரியது. ஏசியா, குவாலா, லும்பூர் மூன்றுக்கும் முதலெழுத்து மட்டும் பெரியது.

முதலில் 'டைப் கேஎல்' என்று தட்டி, அந்தப் பெயரில் ஏற்கெனவே கட்டளை இருக்கிறதா பாருங்கள். 'நாட் ஃபவுண்ட்' வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு 'நேனோ ~/.பாஷ்ஆர்சி' என்று தட்டி, பாஷ் ஷெல்லின் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அமைப்புக் கோப்பைத் திறந்து, கடைசி வரியில்:

அலையஸ் கேஎல்='டிஇசட்=ஏசியா/குவாலா_லும்பூர் டேட்'

சேமித்துவிட்டு 'சோர்ஸ் ~/.பாஷ்ஆர்சி' கொடுத்தால் உடனே வேலைசெய்யும். மேக்கில் 2019-இன் கேட்டலினாவிலிருந்து இயல்பான ஷெல் இசட்எஸ்எச். அங்கே கோப்பு ~/.இசட்எஸ்எச்ஆர்சி.

சமக்குறிக்கு இருபக்கமும் இடைவெளி கூடாது. குவாலாவுக்கும் லும்பூருக்கும் நடுவில் அடிக்கோடு கட்டாயம். இடைவெளி விட்டால் ஷெல் 'லும்பூர்' என்றொரு கட்டளையைத் தேடி, இல்லை என்று சொல்லும். அதுகூடப் பரவாயில்லை, தவறு கண்ணுக்குத் தெரிகிறது. பினாங்குக்காரர்கள் 'ஏசியா/பினாங்' என்று எழுதினால்தான் ஆபத்து. அப்படி ஒரு மண்டலமே பட்டியலில் இல்லை, ஆனால் லினக்ஸ் ஒரு பிழையும் காட்டாமல் யூடிசி நேரத்தையே தந்துவிடும். நேர மண்டலப் பட்டியலைத் தரும் டிஇசட்டேட்டா பேக்கேஜ் இல்லாத சின்ன கண்டெய்னர்களில் சரியாக எழுதினாலும் இதே கதிதான். அதனால் விடையில் '+08' இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேற்கோள் குறி ஒற்றையாகவே இருக்கட்டும். உதாரணமாக, தேதியோடு பேக்கப் எடுக்கும் அலையஸில் 'பேக்கப்-$(டேட் +%எஃப்).டார்' என்ற பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால், அலையஸ் அமைந்த நொடியின் தேதி அதில் உறைந்துவிடும். ஜன்னலை மூடாமல் மறுநாள் அதே கட்டளையை ஓட்டினால், நேற்றைய பேக்கப் மேலேயே இன்றையது எழுதப்படும். ஒற்றை மேற்கோளில் ஒவ்வொரு முறையும் புதுத் தேதி கணக்காகும்.

லாக்கில் கண்ட நேரத்தைக் கொடுத்து மாற்ற அலையஸ் போதாது, ஃபங்ஷன் வேண்டும்:

கேஎல்எம்() { டிஇசட்=ஏசியா/குவாலா_லும்பூர் டேட் -டி "$1 யூடிசி"; }

'கேஎல்எம் 01:15' என்றால் 09:15 வரும். இங்கே இரட்டை மேற்கோள்தான் சரி, $1 (நாம் தரும் நேரம்) விரிய வேண்டுமல்லவா. திறக்கும் அடைப்புக்குப் பின் இடைவெளியும், மூடும் அடைப்புக்கு முன் அரைப்புள்ளியும் விட்டுப்போகக் கூடாது. மேக்கின் டேட்டுக்கு இந்த '-டி' புரியாது. ஃபங்ஷனுக்கும் கேஎல் என்றே பெயர் வைக்காதீர்கள்: ஷெல் முதலில் அலையஸை விரித்துவிடும், அந்த வரியே பிழையாகும்.

பெயரைத் தமிழிலேயே 'நேரம்' என்றும் வைக்கலாம், பாஷ் ஏற்கும். ஆனால் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டுவதில் மிச்சம் பிடித்த நேரம் போய்விடும்.

குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு இந்த அலையஸ் எதுவும் தெரியாது. அங்கே டிஇசட் வரியை முழுதாகவே எழுதவேண்டும்.