ஸ்பின்லாக் முழு பேரியரா? ஹெர்ட்7-இல் சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு டிரைவரில் "லாக் இருப்பதால் இங்கே வரிசை மாறாது" என்ற கமெண்ட் இருந்தது. அது சரியா என்று பார்க்கப் போய்க் கற்றுக்கொண்டது இது. வரிசை என்றால் நினைவகத்தில் எழுதுவதும் படிப்பதும் நடக்கும் வரிசை. அதை இரு திசையிலும் மாறவிடாத தடைதான் முழு பேரியர். ஸ்பின்லாக் என்பது ஒரு நேரத்தில் ஒரு சிபியுவை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றைச் சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு. ஹெர்ட்7 என்பது நினைவக விதிகளின்படி எந்த முடிவெல்லாம் வரலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் கருவி.

படி 1: ஓப்பம் (ஓகேமல் மொழியின் தொகுப்பு மேலாளர்) வழியாக ஹெர்ட்டூல்ஸ்7 நிறுவுங்கள், ஹெர்ட்7 அதில்தான் இருக்கிறது. லினக்ஸ் 4.17 (2018) முதல் கெர்னல் மூலத்திலேயே டூல்ஸ்/மெமரி-மாடல் கோப்புறை இருக்கிறது. அங்கிருந்தே ஹெர்ட்7-ஐ ஓட்டுங்கள், லினக்ஸ்-கெர்னல்.சிஎஃப்ஜி கோப்பை -கான்ஃப் மூலம் கொடுக்க மறக்காதீர்கள்.

படி 2: சின்ன லிட்மஸ் சோதனை (சிபியுக்கள் ஓட்டும் சில வரிகளும் முடிவைப் பற்றிய ஒரு கேள்வியும் கொண்ட குறுநிரல்) எழுதுங்கள். எக்ஸ், ஒய் இரண்டும் 0-இல் தொடங்கும் பொது மாறிகள். முதல் சிபியு எக்ஸில் 1 எழுதி, ஏ என்ற லாக்கை எடுத்து விடுவித்து, பிறகு ஒய்யைப் படிக்கட்டும். இரண்டாவது ஒய்யில் 1 எழுதி, பி என்ற லாக்கை எடுத்து விடுவித்து, எக்ஸைப் படிக்கட்டும். எழுத ரைட்_ஒன்ஸ், படிக்க ரீட்_ஒன்ஸ் என்ற கெர்னல் மேக்ரோக்கள். கேள்வி: இருவருக்கும் 0 கிடைக்குமா?

படி 3: ஓட்டினால் 'சம்டைம்ஸ்' என்று வரும், அதாவது கிடைக்கலாம். பலரும் தடுமாறுவது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள். லாக் எடுப்பது அக்வயர்: பின்னால் உள்ளது அதைத் தாண்டி முன்னால் போகாது. விடுவிப்பது ரிலீஸ்: முன்னால் உள்ளது அதைத் தாண்டிப் பின்னால் போகாது. ஆனால் வெளியே இருப்பவை உள்ளே வரத் தடையே இல்லை. எக்ஸில் எழுதுவது லாக்குக்குள் இறங்கலாம், ஒய்யைப் படிப்பது உள்ளே ஏறலாம், உள்ளே வந்தபின் இரண்டும் இடம் மாறிக்கொள்ளலாம். கெர்னலின் மெமரி-பேரியர்ஸ் ஆவணமும் இந்த அக்வயர்-ரிலீஸ் ஜோடியை முழு பேரியராக எண்ணக் கூடாது என்றே சொல்கிறது.

நிஜ இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பதை விட ஹெர்ட்7-தான் எனக்குப் பிடிக்கும். எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி செயலிகள்) லாக் எடுக்கும் கட்டளையே முழு பேரியராக வேலை செய்துவிடும். அப்படிப்பட்ட லேப்டாப்பில் எவ்வளவு ஓட்டினாலும் இது தெரியாது. கெர்னல் தரும் உறுதி ஆர்ம்64, பவர் போன்ற மற்றச் செயலி வகைகளுக்கும் சேர்த்துத்தான்.

படி 4: முழு வரிசை வேண்டுமென்றால் இரு பக்கமும் ஸ்பின்_லாக்குக்கு அடுத்த வரியில் எஸ்எம்பி_எம்பி__ஆஃப்டர்_ஸ்பின்லாக் என்ற பேரியரைப் போடுங்கள். இப்போது 'நெவர்' வரும், அதாவது இருவருக்கும் 0 கிடைக்கவே கிடைக்காது. அப்புறம் கமெண்ட்: எதை எழுதுவதற்கும் எதைப் படிப்பதற்கும் இடையே இந்த வரிசை, எதிர்ப்பக்கம் இதன் ஜோடி எந்த ஃபங்ஷனில் என்று பெயரோடு எழுதுங்கள்.

பின்சேர்க்கை: "எனக்கு முதலிலேயே நெவர் வருகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். இரு பக்கமும் ஒரே லாக்கைப் பயன்படுத்தினால் அப்படித்தான் வரும். முதலில் விடுவித்தவர் அதற்குமுன் எழுதியதை, அடுத்து அதே லாக்கை எடுப்பவர் கட்டாயம் பார்ப்பார். ஏ, பி என இரண்டு லாக் வைத்து ஓட்டுங்கள்.