மதுரையில் வெள்ளைக்காரன் செலவழித்த கணக்கு: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

19ம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி எழுதுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. வெள்ளைக்காரன் ரோடு போட்டான், பாலம் கட்டினான், அணை கட்டினான் என்பது ஒன்று. வரியை வாரிக்கொண்டு போனதைத் தவிர ஒன்றுமே செய்யவில்லை என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் எங்கிருந்தோ ஒரு தொகையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஆனால் அந்தப் பணம் யார் பையிலிருந்து போனது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். முக்கால்வாசித் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கோட்டைச் சுவரை எடுத்துக்கொள்வோம். 1830களின் கடைசியில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். இன்றைய வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அப்படிக் கிடைத்த இடத்தில் வந்தவைதான். உடனே "நகர விரிவாக்கத்துக்கு அரசு பெரும் பணம் ஒதுக்கியது" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் வேலை பெரும்பாலும் வேறு விதமாக நடந்தது. கோட்டை நின்ற நிலத்தை மனைகளாகப் பிரித்து, சுவரை இடித்துப் பள்ளத்தை நிரப்புகிறேன் என்று ஒத்துக்கொண்டவர்களுக்குக் கொடுத்தார்கள், கூலியின் பெரும்பகுதி வாங்கியவர் தலையில் விழுந்தது. அதனால் கஜானாச் செலவில் இந்த வேலையைத் தேடினால் அதன் அளவுக்கு ஏற்ற தொகை கிடைக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. விளக்குத்தூண் கூட பிளாக்பர்ன் நினைவாக ஊர்க்காரர்கள் வைத்ததுதான்.

கண்மாய்கள் விஷயத்தில் இதே தவறு இன்னும் பெரிதாக நடக்கிறது. மதகு, கலிங்கு (உபரித் தண்ணீர் வழியும் இடம்), பெரிய உடைப்பு என்றால் அரசு மராமத்துக் கணக்கில் வரும். வண்டல் எடுப்பது, கரையில் முளைத்த செடியை வெட்டுவது, சின்ன உடைப்பை மண் போட்டு அடைப்பது இதெல்லாம் குடிமராமத்து. ஊர்க்காரர்கள் உடலுழைப்பாகச் செய்தது, எந்த ரூபாய்க் கணக்கிலும் ஏறாதது. வெள்ளக் காலத்தில் கரை உடையாமல் காக்க ஆட்களைக் கட்டாயமாக வேலைக்குக் கூப்பிட 1858ல் மதராஸில் ஒரு சட்டமே போட்டார்கள். ஆக, ஏட்டில் இருக்கும் தொகையை மட்டும் கூட்டி 'கண்மாய் பராமரிப்புச் செலவு இவ்வளவு' என்று எழுதினால், சம்சாரி, அதாவது விவசாயி, கொடுத்த பங்கு அப்படியே காணாமல் போய்விடும். அரசுக்கும் அந்த ஏடு தோதானதுதான், ஏனென்றால் தான் கொடுக்காத பணத்தை அது காட்டவே காட்டாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று, ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களுக்கு அரசு செலவழிக்கவே இல்லை என்ற புகார். 1803ல் அவை நிரந்தர ஜமீன்களாகிவிட்டன, அதாவது அரசுக்குக் கட்டும் தொகை நிலையாக முடிவான ஜமீன்கள். கண்மாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஜமீன்தார். மேலூர், திருமங்கலம் மாதிரி ரயத்துவாரிப் பகுதியோடு (விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ஏற்பாடு) அதை ஒப்பிட்டால் இரண்டு வேறு ஏற்பாடுகளை ஒரே தராசில் போட்ட மாதிரி ஆகிவிடும். திட்டுவதானால் ஏற்பாட்டைத் திட்டுங்கள், அதற்கு நியாயம் உண்டு. 'செலவு பூஜ்யம்' என்ற எண் தனியாக எதையும் நிரூபிக்காது.

சரி, பெரியாறு அணை. இதில்தான் அதிகம் கவனம் தேவை, ஏனென்றால் கம்பம் பள்ளத்தாக்கில் அணையைக் கட்டிய எஞ்சினியர் பென்னிகுக் படம் சாமி படத்தோடு மாட்டியிருக்கிறது, அந்த நன்றி உண்மையானது. சொத்தை விற்றார், மனைவி நகையை விற்றார் என்ற கதையையும் எல்லோரும் கேட்டிருப்போம். அதை மக்கள் சொல்லும் கதை என்று குறிப்பிட்டு எழுதினால் ஒரு தப்பும் இல்லை. செலவுக் கணக்குக்குள் அதை நுழைப்பதுதான் தப்பு. 1887ல் தொடங்கி 1895ல் திறந்த அந்த அணை மதராஸ் அரசின் பொதுப்பணித் துறை வேலை. தண்ணீர் பாயும் நிலத்தின் தீர்வையிலிருந்து (நிலவரி) திரும்பி வரும் என்ற கணக்கில் போட்ட முதலீடு அது. தர்மக் காரியமாகவோ ஒரு தனி மனிதரின் கொடையாகவோ அரசு அதைப் பார்க்கவில்லை. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு அவசரம் கூடியது என்பது உண்மைதான், ஆனாலும் வருமானக் கணக்கு கடைசி வரை கூடவே இருந்தது.

அந்தத் திட்டத்திலேயே இன்னொரு வழுக்குப் பாறை இருக்கிறது. 1886ல் திருவிதாங்கூரோடு போட்ட 999 வருடக் குத்தகையில் 8000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய் வீதம் வருடம் 40,000 ரூபாய் வாடகை. இதை அணை கட்டிய செலவோடு கூட்டிவிடுகிறவர்கள் உண்டு. கூடாது, அது வருடா வருடம் போகும் செலவு. அதைவிட சுவாரசியம், திருவிதாங்கூர் பிரிட்டிஷாருக்குக் கட்ட வேண்டிய கப்பத்தில் அந்த வாடகையைக் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு. செலவு என்று பதிவாகியிருக்கும், ஆனால் பணமூட்டை எதுவும் மலையேறிப் போயிருக்காது. அப்புறம், 'பெரியாறு செலவு' என்று ஒரு தொகையைப் பார்த்தால் அது அணைக்கு மட்டுமா, தண்ணீர் போகும் சுரங்கமும் சேர்ந்ததா, வைகையின் பேரணையிலிருந்து மேலூர்ப் பக்கம் போகும் கால்வாய்களும் சேர்ந்ததா என்று கேட்காமல் எடுத்து எழுதாதீர்கள்.

ரயிலை நேரடி அரசுச் செலவாகச் சேர்ப்பதும் சகஜம். 1875ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்த பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது, முதலீடு செய்தவர்கள் லண்டன் பங்குதாரர்கள். ஆனால் அவர்களுடைய வட்டிக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. வருமானம் போதாத வருடம் பாக்கியை இந்திய வரிப்பணம் கட்டும். எனவே கட்டுமானத் தொகையை அரசுச் செலவு என்று எழுதுவதும் தப்பு, அரசுக்குச் செலவே இல்லை என்பதும் தப்பு. பார்க்க வேண்டியது வட்டிக் கணக்கை.

நாயக்கர் மகாலை கவர்னர் நேப்பியர் காலத்தில் (1866-72) பழுதுபார்க்கத் தொடங்கியதைக் கலைச் செல்வத்தைக் காத்த செலவு என்று மட்டும் எழுதுகிறார்கள். அழகுணர்ச்சி இருந்திருக்கலாம். ஆனால் கோர்ட்டுக்கும் ஆபீசுகளுக்கும் இடமும் கிடைத்ததே, 1970 வரை ஜில்லா கோர்ட் அங்கேதான் நடந்தது. சத்திரங்களிலும் உஷார்: 1817ம் வருடச் சட்டத்துக்குப் பிறகு அறக்கட்டளைகளின் மேற்பார்வை ரெவினியூ போர்டிடம் இருந்ததால், மானிய நிலத்தின் வருமானத்திலிருந்து சோறு போட்ட செலவு கூட கலெக்டர் கடிதங்களில் தலைகாட்டும். அதை அரசின் தாராளம் என்று எண்ண வேண்டாம்.

ரூபாயைப் படிப்பதில் நடக்கும் கூத்து தனி. 3-8-6 என்று எழுதியிருந்தால் அது 3.86 கிடையாது. 3 ரூபாய் 8 அணா 6 பை (அன்றைய சின்னக் காசு, பைசா அல்ல), அதாவது நம் கணக்கில் சுமார் 3.53. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. நூற்றாண்டின் ஆரம்ப ஏடுகள் வராகன் என்ற பொன் நாணயக் கணக்கில் இருக்கும், ஒரு வராகன் கம்பெனிக் கணக்கில் மூன்றரை ரூபாய், அல்லது 'பணம்' என்ற சின்ன நாணயத்தில் 42. பவுண்டில் அச்சான தொகையை இன்னும் சந்தேகப்படுங்கள். பல அறிக்கைகளில் 10 ரூபாயை ஒரு பவுண்டு என்று வெறுமனே மாற்றிப் போட்டிருப்பார்கள், ஆனால் 1870களுக்குப் பிறகு வெள்ளி விலை சரிந்து 1890களில் ரூபாய் ஒன்றே கால் ஷில்லிங்குக்கும் கீழே போய்விட்டது. 'இன்றைய மதிப்பில் இத்தனை கோடி' என்று போடுவதை விட்டுவிட்டு அன்றைய கூலியோடு ஒப்பிடுங்கள். 1877 பஞ்சத்தில் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையாளுக்குக் குறைத்து வைத்த கூலி ஒரு பவுண்டு எடை தானியமும் ஓர் அணாவும். அதைப் பக்கத்தில் வைத்தால் 40,000 ரூபாய் எவ்வளவு பெரிது என்று எந்தக் கோடியும் இல்லாமலே புரியும்.

அந்தப் பஞ்ச காலத்தில் போட்ட ரோடுகளும் வெட்டிய குளங்களும் பெரும்பாலும் பஞ்ச நிவாரணம் என்ற தலைப்பில்தான் இருக்கும். பொதுப்பணித் தலைப்பில் மட்டும் தேடிவிட்டு அந்த வருடங்களில் வேலையே நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1871 சட்டத்துக்குப் பிறகு நாட்டுப்புற ரோடுகளின் செலவு லோக்கல் பண்டிலும் (உள்ளூர் நிதி), ஊருக்குள் தெரு, சாக்கடை, விளக்குச் செலவு முனிசிபாலிட்டியிலும் இருக்கும், அதாவது உள்ளூர்க்காரன் தனியாகக் கட்டிய வரியில்.

வருடமும் எல்லையும் சேர்ந்து ஏமாற்றும். வரி வசூல் கணக்குக்கான பசலி வருடம் ஜூலையில் தொடங்கும், அதோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில வருடம்: பசலி 1300 என்றால் 1890-91. அரசுக் கணக்கு வருடம் முதலில் ஏப்ரலில் முடிந்தது, பிறகு மார்ச்சுக்கு மாறியதால் 1866-67க்குப் பதினோரு மாதம்தான். அந்த வருடம் செலவு குறைந்ததற்கு யாரும் காரணம் தேடி அலைய வேண்டாம். அன்றைய மதுரை ஜில்லா என்றால் திண்டுக்கல், பழனி, பெரியகுளம், 1910 வரை ராமநாதபுரமும் சிவகங்கையும் சேர்ந்தது. அந்தத் தொகையை இன்றைய மதுரை மாவட்டத்தின் ஜனத்தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று போடுவதை நிறுத்தலாம்.

கடைசியாக, திறப்பு விழா வருடத்தில் மொத்தச் செலவையும் கொட்டாதீர்கள். வைகை மேல் உள்ள ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் திறந்தது 1889ல், தூண் எழும்பியது அதற்கு முந்தைய வருடங்களில். ஒவ்வொரு வருட ஏட்டிலும் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவானது என்று மூன்று விதமாக எண்கள் வரும். முதல் இரண்டும் பார்க்க அழகாக இருக்கும், மூன்றாவது பெரும்பாலும் அடுத்த ஒன்றிரண்டு வருடத்து ஏட்டில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஏட்டையும் கேட்டு வாங்கிப் புரட்டிவிட்டுத்தான் தொகையை எழுத வேண்டும்.