கோழி இறைச்சிக்குப் பேஜ் கரைசல் தெளிக்கும் முறை

கோழி இறைச்சியிலுள்ள சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமியைக் கொல்லும் பேஜ் கரைசலை அடித்தும் பலன் தெரியவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம். அந்தக் குளோரின், கிருமியைக் கொல்ல வந்த பேஜையும் வாளியிலேயே கொன்றுவிடும்.

பேஜ் என்பது பக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். சல்மொனெல்லாவுக்கான பேஜ், லிஸ்டீரியா என்ற இன்னொரு நோய்க்கிருமியைத் தொடாது, இறைச்சியை நாறவைக்கும் கிருமிகளையும் தொடாது. ஆகவே பழுதாகத் தொடங்கிய இறைச்சியை இது மீட்காது. அமெரிக்காவில் லிஸ்டீரியாவுக்கான பேஜ் கலவையொன்றுக்கு 2006இல் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. இங்கே விற்கும் இறைச்சிக்கு அடிக்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தண்ணீரை மூடாமல் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு மூடி ஆறவையுங்கள். கேத்தல் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு இதிலும் இறங்கும். மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். குளோரின் சோதனைத்தாள் நிறம் மாறக்கூடாது. கரைந்து நிற்கும் கல்சியம் கெடுதல் செய்யாது. பல பேஜ்கள் கிருமியில் ஒட்டிக்கொள்ள அது உதவவும் செய்யும்.

அளவுதான் அடுத்த சிக்கல். குளிர்சாதனப்பெட்டியில் சல்மொனெல்லா பெருகாது, அது பெருகாத இடத்தில் பேஜும் பெருகாது. அதற்கு நீந்தத் தெரியாது. கிருமியில் முட்டினால்தான் வேலை. ஆகவே தொடக்கத்திலேயே நெருக்கமாக விழவேண்டும்: ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கோடி பேஜ். போத்தலில் மில்லிலீற்றருக்கு ஆயிரம் கோடி என்றிருந்தால், 100 மில்லிலீற்றர் கரைசலை 900 மில்லிலீற்றர் தண்ணீரில் கலவுங்கள். அதில் 1 மில்லிலீற்றர் 100 சதுர சென்ரிமீற்றருக்குப் போதும். ஏ4 தாள் அளவுப் பரப்புக்கு 6 மில்லிலீற்றர். உங்கள் தெளிபோத்தல் ஓர் அமுக்கலுக்கு எவ்வளவு விடுகிறது என்று, பத்து அமுக்கலை அளவுக்குவளையில் பிடித்துப் பாருங்கள். கலந்ததை அன்றே முடியுங்கள். மூலப் போத்தல் 2–8 பாகை செல்சியஸில், வெளிச்சம் படாமல் இருக்கட்டும். மின்சாரம் போனால் ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள்.

கழுவிய கோழியைத் தட்டியில் வைத்து நீர் வடியவிடுங்கள். ஈரம் சொட்டும் இறைச்சியில் அடித்தால் கரைசல் அதோடு ஓடிவிடும். வெட்டுவதென்றால் முதலில் வெட்டிவிடுங்கள். பிறகு வெட்டினால் புதிய முகங்களில் பேஜ் இருக்காது. தோலின் மடிப்பு, இறக்கையின் அடி, வயிற்றின் உட்பக்கம் இவையே தவறவிடப்படும் இடங்கள். எல்லாப் பக்கமும் மெல்லிய பனிபோலப் படிந்ததும் குளிரில் அரை மணி நேரம் விட்டுப் பொதி செய்யுங்கள். அரைத்த இறைச்சிக்கு அரைக்குமுன் துண்டுகளில் அடிப்பதே சரி. அரைத்த பிறகு கிருமி உள்ளே போய்விடும்.

தேசிக்காய்ப்புளியும் மஞ்சளும் பூசிக் கழுவும் வழக்கத்தைச் சமைக்கும் வீட்டுக்கு விட்டுவிடுங்கள். புளிப்பு பேஜைச் செயலிழக்கச் செய்யும். கத்திக்கும் பலகைக்கும் குளோரின் போடத்தான் வேண்டும். போட்டபின் கொதித்தாறிய நீரால் நன்றாக அலசுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை ஒரே கோழியின் பாதிக்கு மட்டும் அடித்து, மற்றப் பாதிக்கு வெறும் தண்ணீர் அடித்து, இரண்டையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். இரு பாதியிலும் எண்ணிக்கை ஒன்றுபோல வந்தால், தண்ணீரில் குளோரின் மிச்சமா, போத்தல் சூடேறியதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் உங்கள் கோழிகளிலுள்ள சல்மொனெல்லா வகைக்கு அந்தப் பேஜ் பொருந்தாமல் இருக்கலாம். பல பேஜ்கள் கலந்த தயாரிப்புக்கு மாறுங்கள்.