பேக்லிங்க் விற்கும் இணையதளங்களை ஆராய்ந்து அறிவது எப்படி: மலையூர்ச் சிறுதொழில் செய்வோருக்கு

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயமாகிவிட்டதால், புறப்படுமுன் இணையத்தைத் திறக்காமல் சொந்த வண்டியில் வருவோர் யாரும் மலையேறுவதில்லை. ஆகவே தங்கும் விடுதி நடத்துவோரும், தேயிலையையும் தைலத்தையும் மலைப்பூண்டையும் இணையத்தில் விற்போரும் கூகுளில் முன்னால் தெரிய விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தை அறிந்துதான் ‘சில ஆயிரம் ரூபாய்க்கு நூறு பேக்லிங்க்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்கள். பேக்லிங்க் என்பது வேறொரு தளத்தின் பக்கத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு; அது கூடினால் தேடலில் முன்னேறலாம் என்பது அவர்கள் சொல்வது.

பணம் கொடுக்குமுன் கூகுளின் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேடலில் முன்னேறுவதற்காகவே இணைப்புகளை விலைக்கு வாங்குவதும் விற்பதும் விதிமீறல். விளம்பரமாக வாங்குவதற்குத் தடையில்லை; ஆனால் அந்த இணைப்பின் நிரலில் ‘ஸ்பான்சர்டு’ (பணம் பெற்றுப் போட்டது) அல்லது ‘நோஃபாலோ’ (இதைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம்) என்று கூகுளுக்குச் சொல்லும் குறி இருக்க வேண்டும். ‘எந்தக் குறியும் போட மாட்டோம், கூகுளால் கண்டுபிடிக்க முடியாது’ என்று ஒருவர் உறுதியளித்தால், அவர் உங்களுக்கு விற்பது விதிமீறலைத்தான். கூகுள் தன் தேடல் தரவரிசை முறையில் 2012இல் செய்த ‘பென்குவின்’ என்ற மாற்றத்தால் இப்படிப்பட்ட இணைப்புகளை நம்பியிருந்த பல தளங்கள் சரிந்தன. இப்போது கூகுள் பெரும்பாலும் அவற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. அப்போது பணம் மட்டும் வீண். நிலைமை மோசமானால் கூகுள் ஊழியர்களே பார்த்து நடவடிக்கை எடுப்பார்கள். அதன் அறிவிப்பு உங்கள் சர்ச் கன்சோலில், அதாவது தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கணக்கில், வரும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தளத்தை உண்மையான மனிதர்கள் படிக்கிறார்களா? விற்பவர் முதலில் காட்டுவது டொமைன் அத்தாரிட்டி, டொமைன் ரேட்டிங் போன்ற மதிப்பெண்களாக இருக்கும். இவை மாஸ், ஏஹ்ரெஃப்ஸ் ஆகிய தனியார் நிறுவனங்கள் கணக்கிடுபவை. கூகுள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. மேலும், மலிவான இணைப்புகளைக் குவித்தே இவற்றை உயர்த்திவிடலாம். அதைவிட, அந்தத் தளத்துக்குத் தேடல் வழியாக வருவோர் எந்த நாட்டினர், எந்தச் சொற்களைத் தேடி வருகிறார்கள், கடந்த ஓராண்டில் அந்த வரத்து திடீரென விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கோத்தகிரி விடுதிக்கு வேண்டியவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். வேறெங்கோ இருந்து வரும் பல்லாயிரம் பேரால் ஓர் அறைகூட நிரம்பாது.

அடுத்து, அந்தத் தளத்தின் கட்டுரைகளைப் பொறுமையாகப் படியுங்கள். இதில் மலைவாசிகளான நமக்கு எந்தக் கருவியும் தராத ஒரு வசதி உண்டு: நம் ஊரைப் பற்றி எழுதியிருப்பது உண்மையா என்று நமக்கே தெரியும். மலை ரயில் கோயம்புத்தூரிலிருந்து புறப்படுகிறது என்றோ, கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கினால் ஏரிக்கு நடந்தே போகலாம் என்றோ, குறிஞ்சி ஆண்டுதோறும் பூக்கும் என்றோ ஒரு சுற்றுலாத் தளம் எழுதியிருந்தால், எழுதியவர் இங்கு வந்ததும் இல்லை, எவரிடமும் கேட்டதும் இல்லை. மலை ரயில் புறப்படும் மேட்டுப்பாளையத்தையும், கொடைக்கானல் ரோடு நிலையத்துக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மலைப்பாதையையும், 2018இல் பூத்த நீலக்குறிஞ்சியின் பன்னிரண்டாண்டுக் கணக்கையும் அறியாத தளத்தை நம் வாடிக்கையாளர் ஏன் நம்ப வேண்டும்? சுற்றுலாக் கட்டுரைக்குப் பக்கத்திலேயே சூதாட்டம், உடனடிக் கடன், உடல் மெலிய மருந்து என்று சம்பந்தமில்லாத பக்கங்களுக்கு இணைப்புகள் இருந்தால் அத்தளத்தை விட்டு விலகுங்கள்.

இணையதளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அதன் பழைய தோற்றத்தையும் பாருங்கள். முன்பு ஒரு பள்ளிக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ உரியதாயிருந்து, காலாவதியான பின் வேறொருவர் வாங்கி இணைப்பு விற்கப் பயன்படுத்தும் முகவரிகள் ஏராளம். 2024 மார்ச் மாதத்தில் கூகுள் இதைத் தனி விதியாகவே தடை செய்தது. தேடல் பெட்டியில் ‘சைட்’ (site) என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் (:) இட்டு, இடைவெளி விடாமல் முகவரியைச் சேர்த்துத் தேடினால் ஒரு பக்கமும் வரவில்லையென்றால், கூகுள் அத்தளத்தை நீக்கியிருக்க வாய்ப்புண்டு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தகவல் மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கூகுளின் பாதுகாப்பான உலாவல் பக்கத்தில் அம்முகவரியை இட்டு, தீநிரல் (கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல்) பற்றிய எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். ‘நாங்களே எல்லாம் செய்து தருகிறோம்’ என்று, உங்கள் தளத்தை நிர்வகிக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் கடவுச்சொல்லையோ சர்ச் கன்சோலின் உரிமையாளர் அனுமதியையோ கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இணைப்பு வருவது அவர்கள் பக்கத்தில், உங்கள் பக்கத்தில் அவர்களுக்கு வேலையே இல்லை.

விலை பேசும்போது எந்தப் பக்கத்தில், எந்தக் குறியுடன், எவ்வளவு காலம் இணைப்பு இருக்கும், இடையில் நீக்கினால் பணம் திரும்புமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி எண் தந்தால் அரசுத் தளத்தில் சரிபாருங்கள். மொத்தமாக வாங்காமல் ஒன்றை மட்டும் வாங்கி, வெளியான பக்கத்தின் மூலநிரலை (உலாவியில் ‘வியூ பேஜ் சோர்ஸ்’) திறந்து, பேசிய குறி இருக்கிறதா, ‘நோஇண்டெக்ஸ்’ என்று போட்டு அப்பக்கத்தையே தேடலிலிருந்து மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி கியூஆர் குறியை ஸ்கேன் செய்து யுபிஐ பின் போடச் சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். விரைவாகச் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.