வந்தது என்னன்னு சொல்லாம எழுதுங்க

வேற்றுக்கிரகக் கதைன்னதும் பறக்கும் தட்டை வயலில் இறக்கிடாதீங்க. வந்தது எது, எதுக்குன்னு கடைசி வரை யாருக்கும் பிடிபடக் கூடாது. நடக்கிறதை மட்டும் காட்டுங்க. ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு, கல்லணையும் தாண்டியாச்சு. திருவையாறு பக்கம் ஒரு வாய்க்காலில் மட்டும் தண்ணி மேற்கே ஏறுது. வாய்க்கால் ஷட்டரைப் பார்த்துக்கிற பணியாளர், லஸ்கர், ஷட்டரை இறக்கிப் பார்க்கிறார். அது பாட்டுக்கு ஏறுது. வரப்பு நண்டெல்லாம் வளையை விட்டு வந்து ஒரே திசை பார்த்து நிக்குது. இங்கே அவசரப்படாதீங்க, ஒரு பக்கமாவது எழுதுங்க.

விஞ்ஞானி வரட்டும், அரைகுறையாவே பேசட்டும். சூரியக் குடும்பத்துக்கு வெளியேயிருந்து 2017-ல் வந்துபோன ஓமுவாமுவாங்கிற விண்பொருளின் வேக மாற்றத்துக்கு ஈர்ப்பு விசை மட்டும் காரணமில்லை. வேற என்ன காரணம்ங்கிற வாதமே இன்னும் ஓயலை.

லேசர் சண்டை வேண்டவே வேண்டாம். விவசாயிகள் குறைதீர் கூட்டம் போதும்: "குறுவை நடலாமா, வேணாமா? இன்சூரன்ஸ் உண்டா?"