ஐஸ் விழவில்லையா? ஐஸ் மேக்கரில் கை வைக்காதீர்கள்

போன மாதம் வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு. நான் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று மாடி ஏறிப் போவதற்குள், என்னிடம் தொழில் பழகும் பையன் ஃப்ரிட்ஜுக்குள் தானாக ஐஸ் போடும் ஐஸ் மேக்கரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டான். அடியில் செய்தித்தாள் வேறு விரித்திருந்தான். “மோட்டார் போய்விட்டது அண்ணே, புதிதுதான் போட வேண்டும்” என்றான். வீட்டம்மா விலை கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போய் ஆர்ஓ குழாயைத் திறந்தேன். தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கியது.

கோபம் வந்தது. பாதி அவன் மேல், பாதி என் மேல். தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவற்றை நானும் செய்தேன், அதுவும் ஒரே வீட்டில் இரண்டு முறை. அன்று இரவு உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் இந்தத் தவறுகளின் பட்டியல்.

பிளக் சரியாக இருக்கிறதா, சைல்டு லாக் விளக்கு எரிகிறதா, ‘ஐஸ் ஆஃப்’ அழுத்தியிருக்கிறதா என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவை கையேட்டிலேயே இருக்கின்றன. கையேட்டைத் தொலைத்தவர்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பார்க்காமல் ஐஸ் மேக்கரை மாற்றுவது

நான் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடிவீடு, சைடு-பை-சைடு ஃப்ரிட்ஜ், வாங்கி ஆறு மாதம். முதலில் ஐஸ் கட்டிகள் மெலிந்து, நடுவில் பொள்ளலாக விழுந்திருக்கின்றன. பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை. பிறகு அதுவும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது, ஐஸ் தட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயின் வாய் உறைந்து அடைத்திருந்தது. உருக்கினேன். மூன்று நாள் ஓடியது, மறுபடி நின்றது. ஐஸ் மேக்கர்தான் பழுது என்று புதியதைப் போட்டேன். ஒரு வாரம் ஓடியது. ‘புதியதிலும் கோளாறு’ என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு, இன்னொன்று வாங்கி மாட்டினேன். மூன்றாவது முறை போனபோது அந்த வீட்டுப் பாட்டி, “ஏன் தம்பி, குடிக்கிற தண்ணீரே ஒரு சொம்பு நிறைய ஐந்து நிமிடம் ஆகிறதே, அதற்கு மட்டும் எப்படி வரும்?” என்று கேட்டார். இரண்டு ஐஸ் மேக்கரின் விலையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். குழாய் இணைப்புள்ள ஃப்ரிட்ஜின் தண்ணீர் வால்வு ஒழுங்காக வேலை செய்யப் பெரும்பாலான மாடல்களுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வேண்டும். இந்த அமைப்பு அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து உருவானது. அங்கே தெருக்குழாயிலேயே நாள் முழுவதும் 40, 60 பிஎஸ்ஐ வந்துகொண்டிருக்கும். நம் வீட்டில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? மொட்டை மாடித் தொட்டியின் உயரத்திலிருந்து. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ. கணக்குப் போட்டால், 20 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் தொட்டி உங்கள் ஃப்ரிட்ஜுக்கு மேலே 14 மீட்டரில் இருக்க வேண்டும், அதாவது நான்கு மாடிக்கு மேல். கடைசி மாடியில் குடியிருப்பவருக்குக் கிடைப்பது நான்கு, ஐந்து பிஎஸ்ஐ.

சுவரில் மாட்டிய ஆர்ஓ இயந்திரத்தில் அதுவும் இல்லை. சுத்திகரித்த தண்ணீர் அதன் வயிற்றில் இருக்கும் சிறு தொட்டியில் விழுந்து தேங்குகிறது. அங்கிருந்து குழாய்க்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம். அரை பிஎஸ்ஐகூடத் தேறாது. அந்தக் குழாயில் ஒரு டீ-கனெக்டரைப் போட்டு, கால் இஞ்ச் வெள்ளை டியூபை ஃப்ரிட்ஜுக்கு இழுத்துவிட்டு, “இணைப்பு கொடுத்தாயிற்று சார்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

அழுத்தம் குறைந்தால் இரண்டு தீமைகள். வால்வு ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் மட்டுமே திறக்கிறது. பழைய வடிவமைப்பில் ஏறத்தாழ ஏழு விநாடி. அதற்குள் தட்டு நிறையாது. அதனால்தான் மெலிந்த, பொள்ளல் கட்டிகள். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வைத் தண்ணீரின் அழுத்தமே அமுக்கி மூடுகிறது. அமுக்க ஆள் இல்லையென்றால் அது முழுதாக உட்காராது; சொட்டும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்கும் ஃப்ரீசருக்குள் சொட்டு சொட்டாக வரும் தண்ணீர் தட்டுக்குப் போய்ச் சேருமா? குழாயின் வாயிலேயே உறையும். நான் மூன்று நாளுக்கு ஒரு முறை உருக்கிக்கொண்டிருந்தது அந்தச் சொட்டுகளைத்தான்.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அளவு கோடு போட்ட டம்ளரை, ஃப்ரிட்ஜில் குடிதண்ணீர் பிடிக்கும் டிஸ்பென்சரில் வைத்துத் தண்ணீர்ப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்துங்கள். 180 மில்லிக்குப் பக்கத்தில் வர வேண்டும். 100 மில்லிகூட வரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வையுங்கள். முதலில் ஃப்ரிட்ஜின் பின்னால் டியூப் மடிந்திருக்கிறதா பாருங்கள். பிறகு ஃபில்டர். ஆர்ஓ தண்ணீர் வரும் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குள்ளும் ஒரு ஃபில்டர் இருந்து, இருக்கும் கொஞ்ச அழுத்தத்தையும் விழுங்கிக்கொண்டிருக்கும். அந்த மாடலுக்கு, ஃபில்டர் இல்லாமலே தண்ணீரைக் கடத்திவிடும் பைபாஸ் மூடி உண்டென்றால் ஃபில்டரைக் கழற்றி அதைப் போடலாம். வெறுமனே ஃபில்டரை மட்டும் பிடுங்கி வைத்தால் சில மாடல்களில் தண்ணீரே வராது.

அதற்குப் பிறகும் ஓட்டம் இல்லையென்றால், சிறிய பம்பு ஒன்றும் தண்ணீர் கேட்கும்போது மட்டும் அதை ஓட வைக்கும் பிரஷர் சுவிட்சும் வேண்டும். அதை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் அடுத்த சறுக்கல். அந்தப் பாட்டி வீட்டில் நான் பம்பை ஆர்ஓவுக்கு முன்னால் மாட்டினேன். ஆர்ஓ தொட்டி சீக்கிரம் நிறைந்தது, அவ்வளவுதான். காற்றுக்குத் திறந்த தொட்டியில் விழுந்தவுடன் அழுத்தமெல்லாம் போய்விடும். பம்பு அந்தத் தொட்டிக்குப் பின்னால், ஃப்ரிட்ஜுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு, அதையும் பார்த்துவிட்டேன். ‘ஆர்ஓவில் வேகம் இல்லையா, மாடித் தொட்டிக் குழாயிலிருந்து நேராக எடு’ என்று போர்வெல் தண்ணீரையே கொடுத்துவிடுவது. ஃப்ரிட்ஜின் ஃபில்டர் கார்பன் ஃபில்டர். குளோரின் வாசனையை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. சில மாதங்களில் வால்வின் வாயில் இருக்கும் சல்லடை சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்து அடைத்துவிடும். ஐஸ் உருகினால் டம்ளரின் அடியில் வெள்ளைத் துகள் நிற்கும்.

உறைந்த குழாயைக் குத்துவது

கத்தி, ஸ்க்ரூடிரைவர், ஒரு வீட்டில் தோசைத் திருப்பி. குழாயும் தட்டும் பிளாஸ்டிக். அந்தக் குளிரில் அப்பளம் போல் உடையும். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வால்வை மூடிவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூட்டில், கையை அசைத்துக்கொண்டே. ஒரே இடத்தில் காட்டினால் உள்சுவர் நெளிந்துவிடும். உருக்கியபின் ஏன் உறைந்தது என்று தேடாவிட்டால் மூன்று நாள் கழித்து மறுபடி அதே துணி, அதே வெந்நீர்.

சோதனைப் பொத்தானோடு விளையாடுவது

ஐஸ் மேக்கரை ஓட்டிப் பார்க்க அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். ஒரு முறை அழுத்துங்கள், காத்திருங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் தட்டு கவிழ்ந்து புதுத் தண்ணீர் வாங்கும். உறையாத தண்ணீர் முழுவதும் கீழே ஐஸ் பெட்டியில் கொட்டும்.

ஐஸ் பெட்டியில் மீன்

இடம் இல்லை என்று ஐஸ் பெட்டிக்குள் வஞ்சிரம் பொட்டலத்தைச் செருகியிருந்தார் ஒருவர். ஐஸ் மேக்கரின் பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும்; பெட்டி நிறைந்தால் ஐஸ் அதை மேலே தூக்கும், இயந்திரம் நின்றுவிடும். அதற்கு மீனும் ஒன்றுதான், ஐஸும் ஒன்றுதான். கம்பிக்குப் பதில் ஒளி உணரி உள்ள மாடலிலும் இதே கதை. பொட்டலத்தை எடுத்துவிட்டு மறுநாள் காலை ஐஸ் வந்ததா என்று போனில் கேட்டேன், வந்திருந்தது. வருகைக் கட்டணம் மட்டும் வாங்கியிருந்தேன். அதற்கே மனிதர் முகம் சுளித்தார்.

கட்டியான ஐஸை மோட்டாரை விட்டு உடைக்கப் பார்ப்பது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தென்சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கரண்ட் வந்த வாரத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி: ‘பொத்தானை அழுத்தினால் உர்ரென்று சத்தம் வருகிறது, ஐஸ் வரவில்லை.’ பெட்டியில் இருந்த ஐஸ் உருகி, கரண்ட் வந்ததும் ஒரே பாறையாக உறைந்திருக்கிறது. ஐஸைத் தள்ளும் சுருள்கம்பி அந்தப் பாறைக்குள் சிக்கி நிற்க, வெளியே நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால், பின்னாலிருக்கும் பல்சக்கரம் சிதையும். பெட்டியை வெளியே எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, துடைத்து, ஈரம் காய்ந்தபின் மாட்டியிருந்தால் ஒரு ரூபாய் செலவில்லை.

மின்வெட்டே இல்லாமல் அடிக்கடி கட்டியானால், ஐஸ் விழும் வழியின் மூடியைப் பாருங்கள். அதில் ஒரு சில்லு சிக்கியிருந்தால்கூட நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் உள்ளே ஏறும். வாரக்கணக்கில் ஐஸை எடுக்காமல் விட்டாலும் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டும்.

ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளுவது

டியூப் மடிந்துவிடும்.

இல்லாத இணைப்பைத் தேடுவது

இங்கே விற்கும் பல மாடல்களில் குழாய் இணைப்பே கிடையாது. உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றுங்கள்.

முதல் நாளே புகார் கொடுப்பது

புது ஃப்ரிட்ஜ் ஐஸ் போட 24 மணி நேரம் வரை ஆகும். முதலில் விழும் இரண்டு மூன்று தட்டு ஐஸைக் கொட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் வாடை இருக்கும்.

ஃபில்டர் மாற்றியபின் சொட்டுவதைக் கண்டு வால்வை மாற்றுவது

புது ஃபில்டருக்குள் காற்று இருக்கும். அது டியூபில் குமிழாக நின்று, பொத்தானை விட்ட பிறகும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். டிஸ்பென்சர் துப்பித் துப்பி ஊற்றுவதும் அதனால்தான். ஒரு வாளியை வைத்துக்கொண்டு, விட்டு விட்டு அழுத்திப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரை வெளியேற்றுங்கள். முதலில் கொஞ்சம் கருப்பாக வந்தால் அது கரித்தூள். தொடர்ந்து பல நாள் சொட்டினால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள், வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.