ஹீட்டட் கிரிப்பின் மேல் நுரை உறை மாட்டுவது எப்படி?

இங்கிலாந்தின் குளிர்காலத்தில் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் பலரும் ஹீட்டட் கிரிப், அதாவது மின்சாரத்தால் சூடேறும் கைப்பிடி, பொருத்தியிருப்பார்கள். விரல்கள் விறைத்துப்போவதில்லை என்றாலும், அதன் ரப்பர் கெட்டியானது என்பதால் எஞ்சினின் அதிர்வு நேராக உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. மேலே நுரை உறை மாட்டினால் அதிர்வு அடங்கும், ஆனால் சூடு வருமா என்பதுதான் பலருடைய தயக்கம். வரும், சற்றுத் தாமதமாக வரும். ஹீட்டட் கிரிப்பை வயரிங் செய்து பொருத்தியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு போன்ற நிறுவனங்களின் கிரிப்களுடைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் 30, 40, 50, 75, 100 சதவீதம் என ஐந்து நிலைகள் உண்டு. அது வெப்பநிலையை அளந்து பார்ப்பதில்லை. நாம் வைத்த அளவு மின்சாரத்தை மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே உள்ளே உண்டாகும் வெப்பம் கைக்கோ ஹேண்டில்பாருக்கோ போய்த்தான் ஆக வேண்டும். வெளிப்பக்கம் நுரை தடுப்பதால் உலோகக் குழாய்க்குள் போகும் பங்கு கூடுகிறது. வலப்பக்கத்தில் கிரிப்புக்கும் குழாய்க்கும் நடுவே ஆக்ஸிலரேட்டரின் பிளாஸ்டிக் உருளை இருப்பதால் அந்த இழப்பு குறைவு. இடப்பக்கத்தில் கிரிப் நேரடியாக உலோகத்தின் மேல் இருப்பதால் அதிகம். உறை மாட்டிய பிறகு இடது கை சற்றுக் குளிர்ந்தாற்போல் இருந்தால், கிரிப் பழுதாகிவிட்டது என்று கழற்ற வேண்டாம்.

1. உறையைத் தேர்ந்தெடுத்தல்

உறையின் சுவர் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. சாதாரண ஹேண்டில்பாரின் விட்டம் 22 மி.மீ.; ஹீட்டட் கிரிப் ஏறியதும் அது ஏறக்குறைய 34 மி.மீ. ஆகிவிடும். அதன்மேல் 5 மி.மீ. சுவருள்ள உறை என்றால் மொத்தம் 44 மி.மீ.; சிறிய கை உள்ளவர்களுக்குக் கிளட்ச் லீவர் எட்டாது. வாங்குவதற்கு முன் ஒரு துண்டு கிடைத்தால் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டினால் அந்த நுரை மழையை உறிஞ்சிக்கொள்ளும். ஈர உறையில் காற்று படும்போது ஹீட்டர் தரும் சூடெல்லாம் அதை உலர்த்துவதிலேயே போய்விடும். நீரை ஏற்காத நியோப்ரீன் (செயற்கை ரப்பர் நுரை) வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

2. அளந்து வெட்டுதல்

ஹேண்டில்பாரின் முனையில் இருக்கும் பார் எண்ட் எடையைக் கழற்றிவிட்டு, கிரிப்பின் நீளத்தை அளந்து, அதைவிட 4 முதல் 6 மி.மீ. குறைவாக உறையை வெட்டுங்கள். மேசையில் வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

3. மாட்டுதல்

பெரும்பாலானவர்கள் திணறுவது இங்கேதான். நுரைக் குழாயைப் பிடித்து இழுத்தால் அது நீண்டு, உள்விட்டம் குறுகி, கிரிப்பைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாகும். பின்முனையிலிருந்து தள்ளினால் நுரை சுருங்கித் தடித்து, துளை விரிந்து இடம் கொடுக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் வெந்நீரில் கலந்து, கிரிப்பின் மேலும் உறையின் உள்ளேயும் தடவுங்கள். கட்டைவிரல்களால் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, சுருங்கிய பகுதியை முன்னால் நகர்த்தி, மறுபடி தள்ளுங்கள். முன்விளிம்பில் சோப்பு நுரை சிறு வளையமாகப் பிதுங்கிக்கொண்டே வந்தால் உறை சரியாக நகர்கிறது என்று பொருள். சோப்பு நுரை வருவது நின்றுவிட்டால் உள்ளே உலர்ந்துவிட்டது. விளிம்பைத் தூக்கி இன்னும் கொஞ்சம் சோப்பு நீர் விடுங்கள். காற்றடிக்கும் கம்ப்ரஸர் இருப்பவர்கள் விளிம்புக்கடியில் காற்றை ஊதினால் வேலை சுலபம், ஆனால் அதற்காக ஒன்றை வாங்க வேண்டியதில்லை. எண்ணெயோ கிரீஸோ வேண்டவே வேண்டாம். அது உலராது, ஆக்ஸிலரேட்டரில் உறை சுழன்றுகொண்டே இருக்கும்.

4. ஆக்ஸிலரேட்டரைச் சோதித்தல்

பார் எண்டைத் திரும்ப மாட்டிய பின், வலப்பக்க உறையின் இரு முனைகளிலும் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். எஞ்சினை அணைத்து வைத்து, ஹேண்டிலை நேராகவும், முழுவதும் இடமாகவும், முழுவதும் வலமாகவும் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து கையை விடுங்கள். அது தானாகச் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் உறை எங்கோ உரசுகிறது. கழற்றி வெட்டிச் சரிசெய்யாமல் சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. ஹீட்டர் வயர் விளிம்பில் சிக்கி இழுபடுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஓர் இரவு முழுவதும் உலர விடுங்கள். மறுநாள் முறுக்கிப் பார்த்தும் உறை வழுக்கினால், இன்னும் ஒரு நாள் காத்திருங்கள். வாகனத்தின் சாலைத் தகுதியைப் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையில் உறுதியாக இல்லாத கைப்பிடி ஒரு குறையாகவே கருதப்படும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஓட்டும்போது

எஞ்சினைக் கிளப்பியதும் 100 சதவீதத்தில் வைத்துவிடுங்கள்; சூடு நுரையைக் கடந்து கையுறைக்குள் வந்ததும் 50-க்குக் குறையுங்கள். நெடுநேரம் முழு அளவில் ஓடவிட்டால் அடியில் கிரிப்பை ஒட்டியிருக்கும் பசை இளகக்கூடும். முழு அளவில் ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும் என்பதால், எஞ்சின் ஓடாதபோது சூடேற்றி வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: தேய்ந்த உறையைக் கழற்றுவது பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். விளிம்பைத் தூக்கிச் சோப்பு நீர் விட்டு, மாட்டியதைப் போலவே உள்முனையிலிருந்து வெளியே தள்ளுங்கள். பிளேடால் கீறி உரிக்க வேண்டாம். சூடேற்றும் கம்பி ரப்பருக்குள் அதிக ஆழத்தில் இல்லை.